சாமான் ஏறும் முன்: வீடு மாற்றித் தரும் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீடு மாறும்போது உங்கள் பேச்சு எடுபடுவது சாமான் வண்டியில் ஏறும் வரைதான். பின்கதவைச் சாத்திக் கொக்கி போட்டதும் பீரோ, பிரிட்ஜ், கட்டில், பிள்ளைகளின் புத்தகம் அத்தனையும் அவர்கள் வசம். போய்ச் சேர்ந்த இடத்தில் "மாடி ஏத்தறதுக்குத் தனியா நாலாயிரம் ஆகும் சார்" என்று நின்றால், புது வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்கப் பேரம் பேச யாருக்கும் மனம் வராது. கொடுத்துத் தொலைப்போம். மோசமான நிறுவனங்கள் பிழைப்பது இந்த ஓர் இடத்தில்தான்.

ஆகவே இந்த அத்தியாயம் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்கிறது: சாமான் ஏறும் முன் எவ்வளவு விஷயத்தை எழுத்தில் தருகிறார்கள்? இணையத்தில் எத்தனை நட்சத்திரம், எத்தனை ஊரில் கிளை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

விளக்கங்கள் புதுச்சேரியின் தேங்காய்த்திட்டை வைத்துச் சொல்லப்பட்டுள்ளன. முதலியார்பேட்டை, முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் வாசகர்களுக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

எந்த வேலைக்கு எந்த ஆள்

தேங்காய்த்திட்டிலிருந்து லாஸ்பேட்டைக்கோ ரெட்டியார்பாளையத்துக்கோ போகிறவர்களுக்குப் பெரிய நிறுவனம் தேவையில்லை. ஊருக்குள் மாறுவதற்குக் குட்டி யானை போதும். 2005-இல் வந்த டாடா ஏஸைத்தான் ஊரே இப்படி அழைக்கிறது. ஏறக்குறைய ஏழடி நீளத் தட்டு, முக்கால் டன் சுமை. ஒரு படுக்கையறை வீடென்றால் இரண்டு நடையில் முடிந்துவிடும். வண்டிக்காரர் தெரிந்தவராகவும், லோடு ஆள்கள் பீரோ தூக்கிப் பழகியவர்களாகவும் இருந்தால் சரி. அங்கேயும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, எத்தனை நடை, எத்தனை மாடி என்பதை முன்கூட்டியே பேசி வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவையுங்கள்.

கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் எல்லை தாண்டுகிறார்கள். தூரம் குறைவுதான்; ஆனால் யூனியன் பிரதேசத்திலிருந்து மாநிலத்துக்குள் போகும் பயணம். இதற்கு அசோக் லேலண்டு தோஸ்த் அல்லது டாடா 407 வைத்திருக்கும் உள்ளூர் நிறுவனம் ஏற்றது.

சென்னை, கோவை, பெங்களூரு என்றால்தான் முழுமையான பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ் நிறுவனம் வேண்டும். பொதி கட்டுவது, ஏற்றுவது, கொண்டுசேர்ப்பது, இறக்குவது நான்கையும் ஒரே கணக்கில் எடுப்பவர்கள் இவர்கள். இனி வரும் பகுதிகள் முக்கியமாக இவர்களைப் பற்றியவை.

பெயர் பலகைக்குப் பின்னால் யார்

இந்தத் தொழிலில் பெயரை நம்பிப் போவது ஆபத்து. தெரிந்த பெயரைக் கூகுளில் தேடினால், மேலே விளம்பரமாக வருவது வேறு நிறுவனமாக இருக்கலாம். இது நீதிமன்றம் வரை போன விவகாரம். 'அகர்வால் பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்' பெயருக்கு உரிமை கொண்ட டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ், தன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு மற்றவர்களின் விளம்பரம் காட்டப்படுவதாகக் கூகுள் மீது வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்டில் தில்லி உயர் நீதிமன்ற அமர்வு, பிறருடைய வணிகப் பெயரைத் தேடல் சொல்லாக விற்பதில் கூகுளுக்கும் பங்கு உண்டு என்றும், அதனால் மக்கள் குழம்பினால் அது பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்றும் சொன்னது. தீர்ப்பு வந்தாலும், விளம்பரத்தில் முதலில் வரும் எண்ணை அழுத்துவதற்கு முன் யோசிக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஜஸ்ட் டயல், சுலேகா போன்ற தளங்களில் ஒரு முறை எண்ணைக் கொடுத்தால் பல நிறுவனங்களுக்குப் போகும். சிறிது நேரத்தில் வரிசையாக அழைப்பு வரும். அது தவறில்லை, விலை தெரிந்துகொள்ள உதவும். ஆனால் அழைக்கிறவர் வண்டி வைத்திருப்பவரா, வேலையைப் பிடித்து வேறொருவருக்குக் கைமாற்றும் தரகரா என்பதைக் கேட்டுவிடுங்கள். "வண்டி உங்க சொந்த வண்டியா? வர்ற ஆளுங்க உங்க ஆளுங்களா?" என்ற கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் அடுத்தவரைப் பாருங்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யக்கூடிய சோதனைகள் நான்கு.

முதலாவது, ஜிஎஸ்டி எண். பதினைந்து எழுத்துகள். முதல் இரண்டு எண்கள் மாநிலத்தைக் காட்டும்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்து எழுத்துகள் உரிமையாளரின் பான் எண். "எங்க தலைமை ஆபீஸே பாண்டிச்சேரிதான்" என்கிறவரின் எண் 34-இல் தொடங்காவிட்டால் காரணம் கேளுங்கள். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரும், பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதும் தெரியும்.

இரண்டாவது, பணம் போகும் பெயர். முன்பணம் கேட்டு அனுப்பும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் திரையில் ஒரு பெயர் வரும். அது மதிப்பீட்டுத் தாளில் உள்ள நிறுவனப் பெயரோ, ஜிஎஸ்டி தளத்தில் காட்டும் உரிமையாளர் பெயரோ ஆக இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத தனியார் பெயர் வந்தால் பணம் போடாதீர்கள்.

மூன்றாவது, பதிவுச் சான்று. சரக்கைப் பெற்று, ரசீது கொடுத்து, சாலை வழியே கொண்டுசேர்க்கும் தொழிலுக்கு 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி பதிவு வேண்டும். அந்தச் சான்றின் நகலைக் கேளுங்கள்.

நான்காவது, 'ஐபிஏ அங்கீகாரம்' என்ற முத்திரை. இந்திய வங்கிகள் சங்கம் போக்குவரத்து நிறுவனங்களைப் பரிந்துரைக்கும் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அது வங்கிகளின் பாதுகாப்புக்காக ஏற்பட்டது. உங்கள் கண்ணாடி டம்ளர் உடையாது என்பதற்கான சான்று இல்லை. இடமாற்றல் பெற்ற வங்கி, பொதுத்துறை ஊழியர்கள் அலுவலகத்தில் பில் கொடுத்துப் பணம் வாங்க இது தேவைப்படலாம். அப்படியானால் பட்டியலில் பெயர் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று சரிபாருங்கள்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறவர்

போனிலேயே "டபுள் பெட்ரூமா? பதினெட்டாயிரம் சார், எல்லாம் சேர்த்து" என்று விலை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். பார்க்காமல் சொன்ன விலை, ஏற்றும் நாளில் "இவ்ளோ சாமான் இருக்குன்னு சொல்லலையே" என்று மாறும். நேரில் வந்தோ, குறைந்தது வீடியோ அழைப்பிலோ ஒவ்வோர் அறையாகப் பார்ப்பவரையே கருத்தில் கொள்ளுங்கள்.

வேலை தெரிந்தவர் கூடத்தில் நின்று கணக்குப் போட மாட்டார். நேரே சமையலறைக்குப் போய் அண்ணாந்து பார்ப்பார். "அக்கா, பரண் மேல இருக்கறதையும் பார்த்துடலாமா? பாதி வீட்டுல அதைத்தான் மறந்துடுவாங்க." அடுத்து, "கிரைண்டர் கல்லைத் தனியா எடுத்துடணும். ஏசி கழட்ட மெக்கானிக் நீங்க வெக்கிறீங்களா, நாங்க கூட்டிட்டு வரணுமா?" பிறகு மாடிப்படியின் திருப்பத்தில் கைவிரித்துப் பார்த்து, மூன்று கதவு பீரோ திரும்புமா என்று அளப்பார்.

கழிமுகத்தையும் மீன்பிடித் துறைமுகத்தையும் ஒட்டிய ஊர் என்பதால் இங்கே அவர் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு. உப்புக் காற்றில் இரும்பு பீரோவின் அடித்தகடு மெல்ல அரித்திருக்கும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். தரையோடு இழுத்தால் கால் பிய்ந்துவிடும். நேர்மையானவர் குனிந்து பார்த்து, பட்டியலிலேயே 'அடியில் துரு' என்று எழுதிக்கொள்வார். அது அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. அடுத்தது, மரத்தூள் பலகையில் செய்த அலமாரி. ஈரம் குடித்து ஊறிய பலகையில் திருகாணியைக் கழற்றினால் மறுபடி பிடிக்காது. "இதைக் கழட்டினா திரும்ப நிக்காதுக்கா, விட்டுட்டுப் போறது நல்லது" என்று முதலிலேயே சொல்பவர் வாடகைக்காகப் பொய் சொல்லாதவர்.

அதன்பின் அவர் தெருவுக்கு வந்து வண்டி நுழையுமா என்று பார்ப்பார். பழைய ஊர்ப் பகுதியின் குறுகலான சந்துகளில் 14 அடி லாரி வாசல் வரை வராது. பெரிய தெருவில் லாரியை நிறுத்தி, குட்டி யானையில் சாமானைக் கடத்த வேண்டியிருக்கும். இதற்கு ஷட்டில் சார்ஜ் என்று தனியாகக் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, ஏற்றும் நாளில் புதிதாகக் கிளம்புவதுதான் தப்பு. போய்ச் சேரும் வீட்டுத் தெருவையும் வீடியோ எடுத்து அவரிடம் காட்டுங்கள்.

மதிப்பீட்டுத் தாளில் என்ன இருக்க வேண்டும்

மூன்று நிறுவனங்களிடம் வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் புரியாது. கீழ்க்கண்டவை ஒவ்வொன்றும் தாளில் தனித்தனியாக இருக்கிறதா பாருங்கள்.

• சாமான் பட்டியல்: பொருள், எண்ணிக்கை, இப்போதுள்ள பழுது.
• வண்டியின் வகையும் நீளமும். உங்களுக்கு மட்டுமான வண்டியா, வேறு வீட்டுச் சாமானும் சேரும் பார்ட் லோடா. பார்ட் லோடு மலிவு. ஆனால் நடுவழியில் குடோனில் இறங்கி ஏறும், நாளும் தள்ளும்.
• எதை எதனால் கட்டுவார்கள்: டிவிக்கு அட்டைப் பெட்டியா, வெறும் போர்வையா; கண்ணாடிப் பாத்திரத்துக்கு பபுள் ராப் உண்டா.
• ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும்: இரு முனையிலும் எத்தனை மாடி, லிஃப்ட் உண்டா என்ற குறிப்போடு.
• கட்டில், அலமாரி கழற்றி மாட்டும் கூலி.
• டோல், டிரைவர் பேட்டா, ஷட்டில்.
• வரி. பொதி கட்டுவதும் சேர்ந்த முழு வேலைக்கு வழக்கமாக 18 விழுக்காடு ஜிஎஸ்டி போடுவார்கள்.
• வந்து சேரும் நாள். தாமதமானால் என்ன என்பது.
• "இதற்கு மேல் எந்தத் தொகையும் கேட்கப்படாது" என்ற வரி, கையெழுத்தோடும் முத்திரையோடும்.

"பில் வேணாம்னா வரி மிச்சம் சார்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். பில் இல்லாமல் போகும் சாமானுக்கு எந்த மன்றத்திலும் நீங்கள் சாட்சி சொல்ல முடியாது. முன்பணமாகச் சிறு தொகை, ஏற்றி முடித்ததும் ஒரு பகுதி, இறக்கிச் சரிபார்த்த பிறகு மீதி என்பதே முறை. முழுத் தொகையையும் முன்னதாகக் கேட்பவரை ஒதுக்கிவிடுங்கள்.

உடைந்தால் யார் பொறுப்பு

பலருக்கும் தெரியாத சங்கதி இது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்து, 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும், போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. நீங்கள் கூடுதல் மதிப்பை முன்கூட்டியே எழுதி, அதற்கான கட்டணத்தை ஒப்புக்கொள்ளாவிட்டால், வாடகையைப் போல் பத்து மடங்குதான் அதிகபட்சம். உதாரணத்துக்கு, வாடகை 12,000 ரூபாய் என்றால் வரம்பு 1,20,000 ரூபாய். வீட்டிலுள்ள சாமான் நான்கு லட்சம் பெறும் என்றால், லாரி கவிழ்ந்தாலும் மீதிக்கு வழியில்லை. பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பு எழுதச் சொல்வது இதற்காகத்தான். அந்த எண்களை அவர்களே உத்தேசமாகப் போட விடாமல் நீங்களே எழுதுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். சாமான் மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று வாங்கிக்கொண்டு, தங்கள் லெட்டர் பேடிலேயே 'இன்சூரன்ஸ் உண்டு' என்று எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அது இன்சூரன்ஸ் இல்லை. ஐஆர்டிஏஐ உரிமம் பெற்ற காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள சான்று உங்கள் கைக்கு, சாமான் ஏறும் முன் வர வேண்டும். வாங்கியதும் இதைப் பாருங்கள்: விபத்து, தீ, கவிழ்தல் மட்டுமா, ஏற்றி இறக்கும்போது உடைவதும் உண்டா? முதல் வகை மலிவு. ஆனால் உடைந்த கண்ணாடிக் கதவுக்கு அதில் ஒரு பைசாவும் வராது.

நகை, பணம், வீட்டுப் பத்திரம், சான்றிதழ் இவற்றை எந்த நிறுவனத்தின் வண்டியிலும் ஏற்றாதீர்கள். கேஸ் சிலிண்டரும் அப்படித்தான். வேறு ஊருக்குப் போகிறவர்கள் ஏஜென்சியில் ஒப்படைத்து மாற்றுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எல்லை தாண்டும்போது

புழங்கிய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. ஜிஎஸ்டி விதியிலேயே விலக்கு இருக்கிறது. அதைக் காட்டித் தனிக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடலாம். பெட்டி பிரிக்காத புது டிவி, வாஷிங் மெஷின் இருந்தால் கடை பில்லை வண்டியோடு அனுப்புங்கள்.

வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் பலகை இருக்க வேண்டும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு பெர்மிட்டிலிருந்து விலக்கு தருகிறது. கடலூருக்கோ விழுப்புரத்துக்கோ சிறு வண்டி வசதியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பெரிய லாரி என்றால், தமிழ்நாட்டுக்குள் ஓடப் பெர்மிட் இருக்கிறதா என்று கேட்டு நகல் பாருங்கள்.

புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. வீட்டு அலமாரியில் இருக்கும் மது பாட்டில்களை லாரியில் ஏற்றாதீர்கள். கடலூர் சாலையில் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பார்ப்பதே அதைத்தான். 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி வண்டியையே பறிமுதல் செய்யலாம். உங்கள் சாமானெல்லாம் காவல் நிலைய வாசலில் நிற்கும். நீங்கள் வைக்காவிட்டாலும், டிரைவரோ லோடு ஆள்களோ தங்களுக்கென்று நாலு பாட்டிலைச் செருகிக்கொள்ள வாய்ப்புண்டு. "வண்டியில் மது ஏதும் இருந்தால் முழுப் பொறுப்பும் நிறுவனத்துடையது" என்று தாளில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் தயங்காது.

ஸ்கூட்டரை அனுப்புகிறவர்கள் பெட்ரோலை வடித்துவிட்டு, ஆர்சி, இன்சூரன்ஸ் நகல்களைக் கொடுத்தனுப்புங்கள். பிஒய் எண் வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கான தடையின்மைச் சான்றைப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுவது அலைச்சலைக் குறைக்கும்.

நாள் பார்ப்பது

ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற மாட்டோம். தையிலும் ஆவணியிலும் எல்லோரும் ஒரே நாளில் மாறுவோம். அந்த முகூர்த்த நாள்களிலும், மாதக் கடைசியிலும், பள்ளி விடுமுறையான மே மாதத்திலும் வாடகை ஏறும், நல்ல ஆள்கள் வேறிடத்தில் இருப்பார்கள், கிடைத்தவர்களைக் கூட்டிவருவார்கள். இதற்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு வழி உண்டு. நல்ல நாளில் சாமி படம், உப்பு, மஞ்சள், ஒரு பால் பாத்திரத்தோடு போய்ப் பால் காய்ச்சிவிடுங்கள். லாரியை அதன்பின் ஏதோ ஒரு புதன்கிழமை வரச் சொல்லுங்கள். அன்றைக்கு விலையும் படியும், தேர்ந்த ஆள்களும் கிடைப்பார்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. இந்த மாதங்களில் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், மூடிய கண்டெய்னர் வண்டி என்று எழுதி வாங்குங்கள். தார்ப்பாய் போட்ட திறந்த லாரி போதாது. புயல் எச்சரிக்கை வந்தால் கட்டணமின்றித் தேதி மாற்றித் தருவார்களா என்பதையும் கேட்டுவையுங்கள்.

ஏற்றும் நாள், இறக்கும் நாள்

ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போடச் சொல்லி, பட்டியலில் அதே எண்ணைக் குறியுங்கள். டிவி எரிவதை, பிரிட்ஜின் நான்கு பக்கத்தை, பீரோ கண்ணாடியைப் படம் எடுங்கள். வண்டி எண் பலகையையும் டிரைவரின் உரிமத்தையும் சேர்த்தே எடுங்கள். சரக்கு ரசீது கைக்கு வந்த பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

இறக்கும் இடத்தில் "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க அண்ணே, நேரமாச்சு" என்று அவசரப்படுத்துவார்கள். ஆள்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். எண்களைச் சரிபார்த்து, குறை இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே எழுதுங்கள்: 'பெட்டி 14 இல்லை', 'பீரோ கண்ணாடி விரிசல்'. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சடித்த வரிக்குக் கீழே வெறுமனே கையெழுத்துப் போட்டால் பிறகு வாதாட இடமிருக்காது.

தகராறு வந்தால்

சேதத்துக்கோ இழப்புக்கோ வழக்குப் போடும் எண்ணம் இருந்தால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் அறிவிப்பு போயிருக்க வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பல நிறுவனங்கள் அந்த அழைப்புக்கே இறங்கிவரும். இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் இப்போது வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். இரண்டாண்டு அவகாசம் உண்டு. நீங்கள் செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.

பேசிய தொகையைக் கொடுக்க நீங்கள் தயாராக இருக்கும்போது, பேசாத தொகைக்காகச் சாமானைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமையில்லை. அப்படி நடந்தால் 112-ஐ அழையுங்கள். ஒப்படைத்த சரக்கைப் போக்குவரத்துக்காரர் மோசடி செய்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. இதைச் சொன்னதுமே பெரும்பாலும் பின்கதவு திறக்கும். மதிப்பீட்டுத் தாள் உங்கள் கையில் இருந்தால்.

மூன்று பேரை வரவழையுங்கள், மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தாளில் அதிக வரிகள் எழுதித் தருகிறவரிடம், அவர் இரண்டாயிரம் கூடுதலாகக் கேட்டாலும், வேலையைக் கொடுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரை, எவ்வளவு மலிவாக வந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள்.